கயிறு பிடிப்பவரும் கயிற்றில் தொங்குபவரும்

நீலகிரியில் பள்ளி மாணவர்களுக்கென நடத்தப்படும் முகாம்களின் துண்டறிக்கைகளை வாசிப்பவர்கள் நான்கு சொற்களைத் தவறாமல் சந்திப்பார்கள்: சாகசம், தலைமைப்பண்பு, ஆளுமை வளர்ச்சி, சேவை. வரிசையும் பெரும்பாலும் இதுவே. சாகசம் முதலில் வரும், ஏனெனில் அதற்குத்தான் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். தலைமையும் ஆளுமையும் நடுவில் வரும், அவை பள்ளி நிர்வாகத்தைத் திருப்திப்படுத்தும் சொற்கள். சேவை கடைசியில் வரும். மூன்று நாள் முகாமில் அதற்குக் கிடைப்பது இறுதி நாள் மதியம் ஒரு மணி நேரம். கையுறை மாட்டிக்கொண்டு சாலையோரம் பிளாஸ்டிக் பொறுக்கி, வரிசையாக நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிடலாம்.

இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பவேண்டும் என்பதே எங்கள் வாதம். சேவையிலிருந்து தொடங்கினால் மற்ற மூன்றும் தாமாக வந்துசேரும். சாகசத்திலிருந்து தொடங்கினால் அது சாகசத்திலேயே முடிந்துவிடும். தனியார் முகாம்களை மனதில் வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அவை வியாபாரம், வாங்குபவர் விரும்புவதை விற்கின்றன, அதில் நாம் கோபப்பட ஏதுமில்லை. எங்கள் கவலை சாரணர் இயக்கம், நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற பொது அமைப்புகளைப் பற்றியது. இவற்றைக் காலத்துக்கேற்பத் திருத்தியமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதே நான்கு சொற்கள் அதே வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வியாபாரத்தின் அகராதி பொதுப்பணியின் அகராதியாக மாறிக்கொண்டிருக்கிறது.

ஒரு முகாம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த சிறுவன் இரு கம்பங்களுக்கிடையே கட்டிய கம்பிவடத்தில் வழுக்கிச் செல்கிறான். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். பெரும்பாலும் அவர் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்தோ பழங்குடிக் குடியிருப்பிலிருந்தோ வந்த இளைஞர். எந்த முடிச்சு எவ்வளவு எடை தாங்கும், மேகம் எந்தப் பக்கம் திரண்டால் எத்தனை நேரத்தில் மழை வரும், நேற்றிரவு யானை எந்தத் தோட்டத்தின் வழியாகப் போனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மாலையில் அவருக்குக் கிடைப்பது தினக்கூலி. கயிற்றில் தொங்கிய பிள்ளைக்குத் தலைமைப்பண்புச் சான்றிதழ். ஒரு பகல் முழுக்க இன்னொருவரின் உயிரைக் கையில் பிடித்து நின்றவருக்கு அந்தச் சான்றிதழ் ஏன் கிடைப்பதில்லை என்று நாம் யோசித்திருக்கிறோமா?

சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்கள் இந்தத் தளத்துக்கு வருவதால் இடையில் ஒன்று. வடமொழியிலிருந்து வந்த ‘சாகசம்’ என்ற சொல்லுக்குத் துணிவு என்ற பொருளோடு பாசாங்கு என்ற பொருளும் தமிழில் உண்டு. ‘சாகசக்காரி’ என்பது நம் பாட்டிமார் வாயில் பாராட்டாக வந்ததில்லை. முகாம் நடத்துபவர்கள் இச்சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. சொல் அறிந்திருக்கிறது.

நீலகிரியைக் குணநலன் வார்க்கும் பட்டறையாகப் பார்ப்பது புதிதன்று. 1858-ல் தொடங்கப்பட்ட லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளை, குறிப்பாக அநாதைகளை, சமவெளியின் வெப்பத்திலிருந்தும் அதன் ‘கெட்ட செல்வாக்கி’லிருந்தும் காப்பாற்றி வளர்ப்பதற்காக உருவானது. மலையின் குளிர் அவர்களை ஆளும் இனத்துக்கு உரியவர்களாக்கும் என்று நம்பினார்கள். அந்த மலையில் ஏற்கெனவே தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதும், அவர்களுக்கும் வளரும் பிள்ளைகள் உண்டு என்பதும் அந்தக் கணக்கில் வரவில்லை. இன்றைய முகாம் அந்தப் பழைய எண்ணத்தின் மலிவுப் பதிப்பு. வெளியிலிருந்து வருபவன் இங்கே மனிதனாகிறான். இங்கிருப்பவர்கள் அவனுக்குத் தேநீர் போடுகிறார்கள்.

சாரணர் இயக்கத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. பேடன் பவல் படைவீரர்களுக்காக ஒற்றறிதல் பற்றி எழுதிய சிறுநூல் 1899-ல் வெளியானது; அதற்கான அனுபவத்தில் ஒரு பகுதி இந்தியாவில் அவர் படைப்பிரிவில் இருந்த காலத்தில் சேர்ந்தது. ஆனால் இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. ஒழுங்கும் உளவும் கற்ற இந்திய இளைஞன் நாளை யாருக்கு எதிராகத் திரும்புவான் என்ற அச்சம் அரசுக்கு இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1917 ஜூனில் சுயாட்சிக் கிளர்ச்சிக்காக அரசு பெசன்ட்டையும் அருண்டேலையும் பி.பி.வாடியாவையும் காவலில் வைத்தது. வைத்த இடம் உதகமண்டலம். ஆல்காட்டின் ‘குலிஸ்தான்’ இல்லத்தில் பெசன்ட் சுயாட்சிக் கொடியை ஏற்றினார். நீலகிரிக்கும் இந்தியச் சாரணர் இயக்கத்துக்கும் உள்ள உறவு இப்படித் தொடங்குகிறது: தலைவர்கள் வீட்டுக்காவலில், கொடி காற்றில்.

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபிறகு பெசன்ட்டின் சங்கம் பொது அமைப்போடு இணைந்தது. விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ல், பாரத சாரணர் அமைப்பு உருவானது. அந்த 1917-இன் சூடு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. இன்று நம் பள்ளிகளில் சாரணர் என்றால் சீருடை, விசில், விழா மேடைக்கு முன்னால் இரண்டு வரிசை. சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது கைதட்டும் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. விதிவிலக்கான ஆசிரியர்கள் உண்டு. தம் சம்பளத்தில் கூடாரம் வாங்கிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போனவர்களை நாங்கள் அறிவோம். விதிவிலக்குகளை நம்பி ஓர் இயக்கத்தை நடத்த முடியாது.

இயக்கம் தொடங்கிய இடத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று, அணிமுறை. ஆறேழு பேர் கொண்ட சிறு அணி. அதற்கு அவர்களில் ஒருவனே தலைவன். பெரியவர் எட்டத்தில் நிற்பார். இரண்டாவது, கலப்பு. 1907-ல் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் சோதனை முகாமில் இருபது சொச்சம் சிறுவர்கள். அவர்களில் ஒரு பாதி செல்வந்தர் பள்ளிகளிலிருந்தும் மறுபாதி உழைக்கும் வர்க்கக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள். வர்க்கப் பிரிவினை கெட்டித்துப்போயிருந்த அந்தக் கால இங்கிலாந்தில் இரு தரப்பையும் ஒரே அணியில் சேர்த்துச் சமைக்கவைத்தது சாதாரணக் காரியமன்று. நம் சாரணர் இயக்கம் சீருடையை வாங்கிக்கொண்டது, இவ்விரண்டையும் இங்கிலாந்திலேயே விட்டுவிட்டது. தனியார் பள்ளிக்குத் தனி அணி, அரசுப் பள்ளிக்குத் தனி அணி. அணித்தலைவரை நியமிப்பது ஆசிரியர்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் தொடக்கமும் உயர்ந்த நோக்கத்தோடுதான் இருந்தது. காந்தி நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணிசெய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றில் பங்கேற்க வேண்டும். 240 மணி என்பது கணக்குப் பார்த்தால் பத்து முழு நாட்கள். இந்தப் பத்து நாட்களுக்காக ஒரு கிராமத்தைத் ‘தத்தெடுக்கிறார்கள்’. தத்தெடுத்தல்! நூற்றாண்டுகளாக ஒரு பள்ளத்தாக்கில் வாழ்ந்த மக்களை, இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவர்கள் ஏழு நாட்களுக்குத் தத்தெடுத்து, கோயிலுக்குச் சுண்ணாம்படித்து, விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தி, எட்டாம் நாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தங்களை யாரும் கேட்காமல் தத்துக் கொடுத்துவிட்டதை அந்த ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை நம் சிறுகதையாசிரியர்கள் யாராவது எழுதலாம்.

‘சாகசக் கல்வி’ என்ற கருத்துக்கே எதிரி என்று எங்களை யாரும் நினைக்கவேண்டாம். அக்கருத்தின் மூலவர்களில் ஒருவரான குர்ட் ஹான், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானிய யூதக் கல்வியாளர். அவரிடம் இந்த வரிசை தெளிவாக இருந்தது. 1934-ல் ஸ்காட்லாந்தில் அவர் நிறுவிய கார்டன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் கடலோரக் காவலுக்கு நின்றார்கள், தீயணைப்புப் பணியும் மலைமீட்புப் பணியும் செய்தார்கள். 1941-ல் வேல்ஸின் அபர்டோவியில் அவரும் கப்பல் நிறுவன அதிபர் லாரன்ஸ் ஹோல்ட்டும் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உடல்வலு மிகுந்த இளம் மாலுமிகள் முதிய மாலுமிகளைவிட அதிகமாக உயிரிழப்பதாக அவர்கள் கருதினார்கள். போருக்கு நிகராக இளைஞனின் உள்ளத்தைப் பற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இன்னொரு உயிரைக் காப்பது என்று ஹான் நம்பினார். கயிறு அதற்கான கருவி. அவருக்குப் பின் வந்தவர்கள் கருவியை வைத்துக்கொண்டு நோக்கத்தைக் கழற்றிவிட்டார்கள். மீட்க வேண்டியவர் யாருமில்லாத மீட்புக் கயிறு இன்று பூங்காக்களில் தொங்குகிறது.

நீலகிரியில் மீட்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வாதத்தின் உயிர்நாடி இதுதான். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கங்களில் சரிந்த மண்ணில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலேறும் சாலைகள் அறுந்தன, மலை ரயில் பாதை பெயர்ந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 செ.மீ. பெய்தது. மாவட்டத்தில் 283 இடங்களைப் பேரிடர் அபாயம் உள்ளவையாக நிர்வாகம் பட்டியலிட்டிருக்கிறது. சாலை அறுந்த இரவில் அந்த 283 இடங்களில் ஒன்றுக்கு முதலில் போய்ச்சேரக்கூடியவர் யார்? அரக்கோணத்திலிருந்து வரும் தேசிய பேரிடர் மீட்புப் படையா? அவர்கள் வருவார்கள், வந்து அரும்பணி ஆற்றுவார்கள்; ஆனால் மறுநாள். முதல் சில மணி நேரம் பக்கத்து லைன் வீட்டுக்காரருடையது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் நடந்தது இதுவே. இருட்டில் முதலில் மேலேறிப் போர்வையில் தூக்கிவந்தவர்கள் அந்தப் பகுதி மக்கள்.

2024 ஜூலை 30-ஐ நினைத்துப் பாருங்கள். கூடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. பாலம் போய்விட்டது. ஆற்றின் குறுக்கே மீட்புப் படை ஒரு கம்பிவடம் கட்டியது. மறுகரையில் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. கூடலூரைச் சேர்ந்த செவிலியர் சபீனா, மருந்துப் பெட்டியோடு அந்தக் கம்பிவடத்தில் தொங்கியபடி வெள்ளத்தைக் கடந்தார். முப்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தார். அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழக அரசு அவருக்குத் துணிவுக்கான கல்பனா சாவ்லா விருதை வழங்கியது. அவர் தொங்கிய அதே கம்பிவடம்தான் மசினகுடிப் பக்கத்து முகாமில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. அவர் அதில் தொங்கியது ஆளுமை வளர்ச்சிக்காக அன்று. அக்கரையில் ஆள் கிடந்தார்கள், போனார். துணிவும் தலைமையும் வளர்ச்சியும் அந்தப் பயணத்தில் அவரோடு சேர்ந்து ஆற்றைக் கடந்தன.

சரி, மாற்றாக என்ன செய்யலாம் என்கிறீர்கள்?

முதலில், அணியின் எல்லையை மாற்றவேண்டும். பள்ளிக்கு ஓர் அணி என்பதை விட்டுவிட்டு ஓடைக்கு ஓர் அணி என்று வைப்போம். மழைக்குப் பள்ளியின் சுற்றுச்சுவர் தெரியாது. ஒரே ஓடைச்சரிவில் மேலே படகரின் ஹட்டி இருக்கும், நடுவில் எஸ்டேட் லைன்கள், கீழே பழங்குடிக் குடியிருப்பு, சாலையோரம் மலையாளம் பேசும் கடைக்காரர்கள். இவர்களின் பிள்ளைகள் ஒரே பேருந்தில் போனாலும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. இந்தத் தூரத்துக்கு வரலாறு உண்டு. 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968-லிருந்து உருவாயின. கூடலூரில் 1969-ன் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் தீர்க்காமல் விட்ட நிலச்சிக்கல் இன்றும் வீட்டுக்கு வீடு புகைகிறது. யார் முதலில் வந்தவர், யாருடைய மண் என்ற கேள்வி ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் உண்டு. பணியர் இனச் சிறுமியும் தாயகம் திரும்பியோரின் பேரனும் படகர் வீட்டுப் பையனும் ஒரே அணியில் சேர்ந்து, அவர்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்து, மூன்று மாதம் அவர் சொல் கேட்டு நடப்பது எந்தக் கயிற்றுப்பாதையைவிடவும் உயரமானது. பிரவுன்சீ தீவில் செய்தது இதைத்தான்.

இரண்டாவது, ஆண்டு முழுவதும் தொடரும் வேலை ஒன்று அவர்கள் கையில் இருக்கவேண்டும். மழைமானி ஒன்றும் ஒரு பதிவேடும் போதும். தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுதவேண்டும். சரிவில் புதிய வெடிப்பு தெரிகிறதா, ஓடை அடைத்திருக்கிறதா, தடுப்புச்சுவர் புடைத்திருக்கிறதா, வீட்டைவிட்டு நகர முடியாத முதியவர் எந்த லைனில் எத்தனையாவது வீட்டில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில் ஏறவேண்டும். இது அலுப்பூட்டும் வேலைதான். அலுப்பைத் தாங்கக் கற்பதும் ஆளுமைப் பயிற்சியில் சேரும் என்பது முகாம்காரர்களுக்குப் புரியாத ஒன்று. வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் கைப்பேசிச் செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அந்த விளக்கை எரியவைப்பவர்கள் அங்கேயே வாழும் மக்கள். அதைப் பந்தலூர் பிள்ளைகளும் செய்யமுடியும். கோத்தகிரியில் லாங்வுட் சோலையை உள்ளூர்க்காரர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து காவல்காத்தார்கள். 2024-ல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பொறுமையாகச் செய்த காவல் அது. ஏழு நாள் முகாமில் நடந்ததன்று.

மூன்றாவது, முகாமின் காலம். மாநிலம் முழுமைக்கும் ஒரே அட்டவணை போடும் பழக்கம் நீலகிரியில் அபத்தமாகிவிடுகிறது. கூடலூர், பந்தலூர், குந்தா தென்மேற்குப் பருவமழையில் நனைபவை. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு ஆபத்து வடகிழக்கில். முன்னவற்றில் முகாம் மே மாதத்தில் நடக்கவேண்டும், பின்னவற்றில் செப்டம்பரில். மழைக்கு முன் ஓடை தூர்வாருதல், முடிச்சு, முதலுதவி, தூக்குப்படுக்கை கட்டுதல், இரவில் ஆள் எண்ணுதல். தீயணைப்பு மீட்புத் துறையினரே பயிற்சி தரலாம். தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் ஆகியவற்றின் இளைஞர்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி அளிக்கும் திட்டம் ஒன்றை ஒன்றிய அரசும் வகுத்துள்ளது. நல்ல செய்தி. ஆனால் பயிற்சிக்குப் பின் பொறுப்பு என்று ஒன்று கொடுக்கப்படாவிட்டால், கற்ற முடிச்சு ஆறு மாதத்தில் அவிழ்ந்துவிடும்.

பிள்ளைகளை நிலச்சரிவுக்குள் அனுப்பச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் சுருக்கமானது. பன்னிரண்டு வயதுக் குழந்தை மழையை அளக்கும். பதினாறு வயதுக்காரர் கதவைத் தட்டி ஆட்களை எழுப்புவார். இருபது வயதுக்காரர், பயிற்சி பெற்றிருந்தால், கயிறு பிடிப்பார். இப்போது எந்தப் பயிற்சியும் இல்லாமல் அந்தப் பன்னிரண்டு வயதுக் குழந்தை யானைத்தடத்தில் பள்ளிக்கு நடந்துபோகிறது. அதுபற்றி யாரும் கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பியதில்லை. படிப்பு கெடும் என்ற வாதத்தை நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஒரு மழைமானியால் கெடும் படிப்பு எப்படியும் கெட்டுவிடும்.

நாங்கள் மதிக்கும் எதிர்வாதம் வேறொன்று. இது அரசு செய்யவேண்டிய வேலையல்லவா, சேவை என்ற பெயரில் ஏழைப்பிள்ளைகளின் உழைப்பை இலவசமாக வாங்குவதாகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான அச்சம். ‘சேவை’ என்ற சொல்லை வைத்து இந்நாட்டில் கூலி மறுக்கப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது. முதுமலையில் காட்டைக் காக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எத்தனை ஆண்டுகள் தற்காலிகப் பணியாளர்களாகவே வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை இந்த மலையில் எல்லோரும் அறிவார்கள். ஆகவே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பணிக்கு ஊதியம் வேண்டும், காப்பீடு வேண்டும், தீயணைப்பு, வனத்துறை வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது இந்தப் பதிவேட்டுக்கு மதிப்பெண் வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டம், நாற்பது பாதைகளில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து ஊதியத்தோடு வழிகாட்டிகளாக அமர்த்தியது. தனியார் முகாம்களோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். எங்களுக்குள்ள குறை ஒன்றுதான்: கரிக்கையூரிலிருந்து பொறிவரைப் பாறை ஓவியங்களுக்கு அழைத்துச் செல்லும் இளைஞர் அங்கே ‘வழிகாட்டி’, பின்னால் மூச்சு வாங்க வருபவர் ‘சாகச விரும்பி’. கதாநாயகன் இன்னும் மாறவில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் சாரணர் அணிக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்க் கற்பனையில் ஊட்டி என்பது பெரும்பாலும் காதலர்கள் பாடிவிட்டுத் திரும்பும் இடம். கணவரின் பணி நிமித்தம் இங்கே வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன், படகர் குடும்பங்களின் தலைமுறை மாற்றத்தை உள்ளிருந்து பார்த்துக் ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். அப்படி மலையின் பக்கம் நின்று பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாவலில் கதை யார் கண் வழியாக நகர்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஓர் இளைஞர் திட்டமும் கதைதான், அதிலும் யாரோ ஒருவர் மையத்தில் இருக்கிறார், யாரோ ஒருவர் ஓரத்தில் கயிறு பிடித்து நிற்கிறார். அதே கேள்வியை இங்கேயும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நகரத்துப் பிள்ளைகள் மலைக்கு வரவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வரட்டும். இரண்டு வாரம் தங்கட்டும். சோலைக்குள் ஊடுருவிய சீகை மரக்கன்றுகளைப் பிடுங்கட்டும், உண்ணிச்செடி வெட்டட்டும், ஓடை தூர்வாரட்டும். அந்த இரண்டு வாரமும் அவர்களின் அணித்தலைவர் எஸ்டேட் லைனில் வளர்ந்த பதினேழு வயதுப் பெண்ணாக இருக்கட்டும். அவர்களின் சான்றிதழில் அவள் கையெழுத்து இருக்கவேண்டும்.

2025 ஜனவரி இறுதியில் மணப்பாறையில் நடந்த சாரணர் வைரவிழாவில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடினார்கள். முதலமைச்சர் நேரில் வந்தார். மாநில அரசுக்கு இந்த இயக்கத்தின்மேல் அக்கறை இருக்கிறது, செலவு செய்யவும் மனமிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எனவே இப்போது கேட்பதற்கு மிகச் சிறிய ஒன்றை வைக்கிறோம். 283 இடங்களின் பட்டியல் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. பள்ளிகளின் பட்டியல் கல்வி அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்து, எந்தச் சரிவுக்கு எந்தப் பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது என்று குறிக்கவேண்டும். ஒரு வாரத்து வேலை. அதை நீலகிரிப் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களிடமே கொடுக்கலாம். பாதைகள் அவர்களுக்குத் தெரியும்.